பதினேழாம் பாடத்தில் நீ வெட்டிய இடம்

ஜோயல்,

என் பாடங்களை உன் புது நிறுவனம் வெளியிடுவதற்காக நீ அனுப்பிய ஒப்புதல் தாளை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். கடல் காற்றில் பறந்துவிடாமல் அதன்மேல் ஊறுகாய் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு, திங்கட்கிழமை நான் பெங்களூரில் வேலைக்குச் சேரும்போது உன் நாற்பது பாடங்களும் கையில் இருக்க வேண்டும் என்று மூன்று தடவை செய்தி போட்டுவிட்டாய். இன்று புதன்கிழமை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்ளாதே. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறார். “ஏளா, பிள்ளைக்குக் கடிதம் எழுதுதியா, மெமோ எழுதுதியா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் பாடங்களைக் கேட்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். அம்மா ஏன் வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்கிறாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். தெருவில் செய்த தப்பை வீட்டுக்குள் ஒப்புக்கொண்டு என்ன பயன்? முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். பையன்கள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு ரப்பரால் அழித்துவிட்டுக் கொண்டுவந்தால், அழிக்காதே, அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது, எங்கே தப்பினாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா என்று கத்தியவள். அந்தச் சட்டத்தை எனக்கு நானே போட்டுக்கொள்ள இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

எப்படித் தொடங்கினோம் என்று உனக்கு நினைவிருக்கும். கொரோனாவில் பள்ளியைப் பூட்டினார்கள். நீ கல்லூரி விடுதியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாய். நான் வீடியோவில் பாடம் நடத்திப் பார்த்தேன். திரேஸ்புரத்திலும் மாப்பிள்ளையூரணியிலும் இருக்கிற என் பிள்ளைகள் வீட்டுக்கு ஒரு போனை வைத்துக்கொண்டு மூன்று பேர் சண்டை போட்டார்கள். படம் வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். அப்போது நீதான், “ம்மா, படம் எதுக்கு? குரல் மட்டும் போதும். பாட்காஸ்ட்டாப் போடுவோம். இறக்கி வச்சிக்கிட்டு எப்ப வேணும்னாலும் கேட்டுக்கிடுவாங்க,” என்றாய். என் பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் மைக்கை வைத்து, என் தலையை உள்ளே நுழைக்கச் சொன்னாய். பூச்சி உருண்டை வாசத்துக்குத் தும்மிக்கொண்டே நியூட்டன் விதிகளை நடத்தினேன். குக்கர் விசில் வந்தால் நிறுத்து, துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் நிறுத்து என்று கையைக் காட்டுவாய். தும்மலையும் விசிலையும் நீ வெட்டி எடுத்துவிட்டு என் குரலைத் திருப்பிக் கொடுத்தபோது, இவ்வளவு தெளிவாகவா பேசுகிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் முதல் கோளாறு.

வகுப்பில் நான் அவ்வளவு தெளிவு கிடையாது, ஜோயல். வாய் தவறிவிடும். கரும்பலகையில் கூட்டல் குறியைக் கழித்தலாகப் போட்டுவிடுவேன். ஆனால் எதிரில் நாற்பது முகம் இருக்கும். ஒரு புருவம் சுருங்கினால் எனக்குத் தெரியும், எங்கேயோ சறுக்கிவிட்டேன் என்று. “டீச்சர், அது மைனஸ்ல்லா?” என்று ஒருத்தி எழுந்து நிற்பாள். அப்படி எத்தனை பேர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது பீரோவுக்குள் தலையை விட்ட பிறகுதான் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எதிரில் சேலைகள்தான் தொங்கின. சேலை எங்கே கை தூக்கும்? கேட்கிற பிள்ளை எங்கோ உப்பளத்துப் பக்கமோ வலை பின்னிக்கொண்டோ காதில் மாட்டிக் கேட்கிறது. அதன் முகம் சுருங்கினால் எனக்குத் தெரியாது. நான் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகலாம். போனேன்.

பதினேழாம் பாடம், பாயில் விதி. அழுத்தம் கூடினால் காற்றின் கனஅளவு குறையும், அழுத்தம் குறைந்தால் கூடும். அதற்கு நான் பலூன் உதாரணம் சொல்லியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. நம் ஊர் முத்துக்குளித்துறை அல்லவா, முத்துக்குளிப்பைச் சொல்லுவோம் என்று ஆசைப்பட்டேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கினவர்களைப் பற்றிச் சொன்னேன். மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறான். ஆழத்தில் தண்ணீர் நெருக்க நெருக்க நெஞ்சுக்குள் காற்று சுருங்குகிறது. ஏறும்போது விரிந்து பழைய அளவுக்கே வருகிறது. அதனால் பயப்படாதே, மேலே வந்து சேரும்வரை மூச்சை விடாமல் அடக்கிக்கொண்டு வா, உள்ளே இருப்பது நீ கொண்டுபோன காற்றுதான், அது உன்னை ஒன்றும் செய்யாது. இப்படிப் பன்னிரண்டு விநாடி. குரலில் என்ன கம்பீரம்! நான் நாசரேத்துக்காரி, தேரிக்காட்டுச் செம்மண்ணில் வளர்ந்தவள். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. நாற்பது பாடத்தில் அதிகம் பேர் இறக்கிக் கேட்டது அதுதான்.

அந்தப் பாடத்தைப் போட்டு ஒரு வருஷம் கழித்து அதைச் சேவியர் காதில் மாட்டிக் கேட்டான். சேவியரை உனக்குத் தெரியும், உன்னைவிட மூன்று வயது மூத்தவன், பிளஸ் டூவில் என் பாடத்தில் இரண்டு தடவை தவறிவிட்டுப் படிப்பை விட்டவன். கல்யாணம் ஆன பிறகு அவன் மனைவி மெர்சிதான், தனித்தேர்வராக எழுதிவிடுங்கள் என்று அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே என் பாடங்களை அவளும் கேட்பாள். அந்தச் சமயத்தில்தான் அவன் அவளுடைய அண்ணன் அருளோடு சங்கு குளிக்கப் போகத் தொடங்கியிருந்தான். அருள் இருபது வருஷமாகக் கடலுக்கு அடியில் சங்கு பொறுக்குகிற ஆள். இவன் புதுசு.

ஒரு திங்கட்கிழமை மெர்சியிடமிருந்து குரல் செய்தி வந்தது. நான் மாதத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். “டீச்சர், மேல ஏறும்போது மூச்ச அடக்கக் கூடாதுன்னு எங்க அண்ணன் சொல்லுதான். விட்டுக்கிட்டேதான் வரணுமாம். நீங்க அடக்கணும்னு சொல்லியிருக்கீங்க. எது சரி?” இவ்வளவுதான் கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்வி! வகுப்பில் கேட்டிருந்தால், ஏன் அப்படிச் சொல்லுகிறார் என்று திருப்பிக் கேட்டிருப்பேன். போனில் கேட்டதும் எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. சிவப்பு மையை மூடாமலே நானும் குரலிலேயே பதில் அனுப்பினேன்: “பாயில் விதிக்கு நானும் ஒண்ணுதான், உங்க அண்ணனும் ஒண்ணுதான். பாடத்த முதல்ல இருந்து திரும்பக் கேளு.” அனுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் திரும்பக் கேட்டாள். அவனையும் கேட்க வைத்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் மீன் வாங்கத் திரேஸ்புரம் போனேன். ஊளி மீன் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு திரும்பும்போது, கரையில் ஒருவர் ஏதோ இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுச் சரி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் மஞ்சள் நிறக் குழாய், சுருள் சுருளாக. டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் மாதிரி இருக்கிறதே, இதைக் கடற்கரையில் வைத்து என்ன செய்கிறீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். “சங்கு குளிக்குறதுக்குத்தான் டீச்சர். இது வள்ளத்துல ஓடும். கீழ கெடக்குறவன் இந்தக் குழாய வாயில வச்சு மூச்சு வாங்குவான். இப்ப யாரு மூச்சடக்கிக் குளிக்கா?” என்றார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். கணக்கு தானாக ஓடியது. மேலே இழுத்த மூச்சோடு இறங்குகிறவனுக்குத்தான் என் பாடம். ஆழத்தில் குழாய் வழியாக மூச்சு வாங்குகிறவன் அங்கேயே நெஞ்சு நிறைய நெருக்கிய காற்றை வாங்குகிறான். ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழத்திலிருந்து அதை அடக்கிக்கொண்டு ஏறினால், மேலே வரும்போது அது இரண்டு மடங்காகும். நெஞ்சில் இடம் ஏது? நுரையீரல் கிழியும். அவன் மூச்சை விட்டுக்கொண்டேதான் வர வேண்டும். அருள் சொன்னதுதான் பாயில் விதி. நான் சொன்னது ஆளைக் கொல்லும். சேவியர் எங்கே என்று கேட்டேன். அருள் வள்ளத்தில் விடியக்காலமே போய்விட்டான் என்றார்கள்.

அவன் போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அருள் போனும் அப்படியே. மெர்சி எடுத்தாள், என்ன டீச்சர், இந்நேரத்தில் என்றாள், ஒன்றுமில்லை, வந்ததும் சொல்லு என்று வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்புறம்தான் உனக்கு அடித்தேன். நீ ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் ஐந்து நிமிஷத்தில் பாடத்தை எடுத்துவிட்டாய். எடுத்துவிட்டுச் சொன்னாய்: “ம்மா, இனி யாரும் புதுசா இறக்க முடியாது. ஆனா ஏற்கெனவே இறக்குனவங்க போன்ல அது இருக்கும். அது நம்ம கையில இல்ல.” தப்பாக எழுதிய கரும்பலகையை என்னால் எந்த நிமிஷமும் துடைத்துவிட முடியும். நடுக்கடலில் ஒருத்தன் காதுக்குள் போன குரலை எதை வைத்துத் துடைப்பது?

எட்டரை மணியிலிருந்து அந்தக் கரையில் நின்றேன். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்து வள்ளத்துக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன், யாராவது கிட்டத்தில் இருந்தால் சொல்லுகிறோம் என்று வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. ஜெபம் பண்ண முயன்றேன், ஆண்டவரே சேவியர், ஆண்டவரே சேவியர் என்று அதுதான் வந்தது. கூடையில் மீன் வெயிலில் நாறத் தொடங்கியது. ஒரு காக்கை வந்து கூடையை இழுத்தது, விரட்டத் தோன்றவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு வள்ளம் வந்தது, அதில் அவன் இல்லை. ஒரு மணிக்கு இன்னொன்று. அதிலும் இல்லை. கரைக்கு வருகிற ஒவ்வொரு வள்ளத்திலும் யாராவது படுத்துக்கிடக்கிறார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். எந்தத் தாயும் எந்த டீச்சரும் அப்படிப் பார்க்கக் கூடாது.

இரண்டு மணிக்கு அருள் வள்ளம் வந்தது. சேவியர் முன்பக்கம் உட்கார்ந்திருந்தான். உயிரோடுதான் இருந்தான். இறங்கியதும் அருள்தான் பேசினார். முந்தின நாள் மேலே வந்ததும் ரத்தம் துப்பினானாம். அதனால் இன்றைக்கு இறங்க விடாமல் குழாயைப் பார்த்துக்கொள்ள மேலேயே உட்கார வைத்தாராம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறானாம். நான் சேவியர் கையைப் பிடித்தேன். அவன் நெஞ்சை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பரீட்சையில் தவறிய நாளில் நின்ற மாதிரியே என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். “நாந்தான் டீச்சர் சரியா அடக்கல போல. பாதியில கொஞ்சம் விட்டுட்டேன். திங்கக்கிழமை இறங்கும்போது நல்லா அடக்கிட்டு வாரேன்,” என்றான்.

ஜோயல், இதற்கு மேல் ஒன்று இருக்கிறதா? நான் சொன்னதைச் செய்து ரத்தம் துப்பியவன், தப்பு தன்னுடையது என்றான். பாதியில் கொஞ்சம் விட்டதால்தான் பிழைத்தான். திங்கட்கிழமை அவன் நன்றாக அடக்கியிருப்பான். என் குரலை அவன் அவ்வளவு நம்பினான்.

ஆஸ்பத்திரிக்கு நானே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, நுரையீரலில் காற்றுக் கசிந்திருக்கிறது, சின்னதுதான், ஆறிவிடும், ஆனால் இனி ஆயுசுக்கும் இவர் சங்கு குளிக்க இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

வராந்தாவில் மெர்சி தன் போனில் அந்தப் பாடத்தை அருளுக்குப் போட்டுக் காட்டினாள். அவர் முழுசாகக் கேட்டார். என் பன்னிரண்டு விநாடியும் அந்த வராந்தாவில் கணீரென்று கேட்டது. சத்தம் போடாமல், மரியாதை குறையாமல் கேட்டார்: “ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?” மெர்சி என்னையே பார்த்தாள். திங்கட்கிழமை அவளுக்கு நான் அனுப்பிய பதிலும் அதே போனில்தான் இருந்தது. எனக்குத் தெரியாது, நான் கேட்காமல் பேசிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு. “நான் ரெண்டையும் சொல்லித்தான் பேசுனேன், தம்பி. குழாய் பத்துன வரி எம் மகன் வெட்டும்போது போயிட்டு,” என்றேன்.

ஆமாம். உன் தலையில் போட்டேன். நீதான் வெட்டுகிறவன் என்று எல்லோருக்கும் தெரியும், நீ சென்னையில் இருந்தாய், பழைய பதிவும் கையில் இல்லை, யார் சரிபார்க்கப் போகிறார்கள்? அருள், சின்னப் பையன், அவனுக்கு இது என்ன தெரியும் என்றார். அன்றைக்கே குழுவில், தொழில்நுட்பக் கோளாறு காரணமாகப் பதினேழாம் பாடம் நீக்கப்படுகிறது என்று போட்டேன். அதைப் படித்துவிட்டு நீ போனில் சிரித்தாய், தொழில்நுட்பக் கோளாறா, நல்லா சமாளிக்கிற என்றாய். நீதான் அந்தக் கோளாறு என்று உனக்குத் தெரியாது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு நீ கேக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது அருள் உன்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்து, இருக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் கடலைப் பற்றி ஒரு பாட்காஸ்ட் செய்ய அவரைப் பேசச் சொல்லிக் கேட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாய்: “என்னம்மா, அருளண்ணன் என்னைப் பாத்து, நீ வெட்டிருவ, வேண்டாம்னு சொல்லுதாரு. நான் என்னத்த வெட்டுனேன்?” நீ அடுக்களை வாசலில் நின்று கேட்டாய். நான் மிக்ஸியைப் போட்டேன். சட்னி அரைந்து முடிந்த பிறகும் ஓடவிட்டேன். நீ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாய். இன்றைக்கும் மிக்ஸியைப் போடும்போதெல்லாம் உன் முகம் வருகிறது, ராசா.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நாற்பது பாடத்தையும் சுத்தம் செய்துவிட்டேன் என்று நீ போனில் சொன்னாய். பதினேழு என்னாச்சு என்று கேட்டேன். “அந்தப் பன்னெண்டு செகண்டத் தூக்கிட்டேன்மா. ஒட்டுன இடம் உனக்கே தெரியாது. இனி யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது,” என்றாய். எனக்காகத்தான் செய்தாய், தெரியும். இயர்போனை மாட்டிக்கொண்டு நான்கு தடவை கேட்டேன். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான், காற்று சுருங்குகிறது, ஏறும்போது விரிகிறது, ஆகவே மாணவர்களே என்று வழவழவென்று போகிறது. வெட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் சொன்ன பொய்யை, இரண்டு வருஷம் கழித்து நீ உன் கையாலேயே உண்மையாக்கிவிட்டாய். அன்றைக்கு நீ எதையும் வெட்டவில்லை. இன்றைக்கு வெட்டிவிட்டாய்.

வெறும் என் மனசாட்சிக்காகச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிடாதே. போன மாதம் குழுவில் ஆறுமுகநேரிப் பிள்ளை ஒருத்தி, பதினேழாம் பாடம் காணோம் என்று தேடுகிறவர்களுக்கு, என்னிடம் பழையது இருக்கிறது, இதோ என்று போட்டாள். உடனே பதினோரு பேர் நன்றி சொன்னார்கள். நான் அதை அழிக்கச் சொல்வதற்குள் இறக்கிவிட்டார்கள். யார் யாருக்கு அனுப்பினார்களோ! அதில் ஒருவன் நாளைக்குக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு இறங்க மாட்டான் என்று உன்னால் சொல்ல முடியுமா? நீ சுத்தமாகக் கொண்டுவருகிற புதுப் பாடத்தில், பழையது தப்பு என்று ஒரு வார்த்தை இருக்காது. என் குரலிலேயே இரண்டு பாடம் ஊரில் சுற்றும். எது சரி என்று மெர்சி கேட்ட கேள்வியை மறுபடி ஒருத்தி கேட்பாள், அவளுக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

நீ சேரப்போகிற இடத்தில் உன் கைவழியாக ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் காதுக்குப் பாடம் போகும். தும்மலை வெட்டு, விசிலை வெட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுகிற வாத்தியார் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அந்தத் தொழிலைச் செய்கிற ஒருத்தரிடம் பாடத்தைப் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடு. நான் அருளிடம் பத்து நிமிஷம் கேட்டிருந்தால் சேவியருக்கு இன்றைக்கும் கடல் இருந்திருக்கும். கேள்வி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வாசல் திறந்து வை. வருகிற கேள்வியைச் சிவப்பு மை திறந்திருக்கும்போது கேட்காதே. இதையெல்லாம் அவர்கள் உனக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்களா என்று எனக்குத் தெரியாது. தந்தாலும் அம்மா கெட்டுத் தெரிந்துகொண்டது என்று கூடுதலாக ஒன்று இருக்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் அருள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து மெர்சியும் வந்தாள். சேவியர் அப்போதுதான் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். துறைமுகத்துக்கு மூட்டை அடிக்கிறான் இப்போது. பரீட்சையை அவன் எழுதவே இல்லை. நாற்காலி போட்டார்கள், நான் உட்காரவில்லை. என் மகன் எதையும் வெட்டவில்லை, குழாய் பற்றி நான் பேசவே இல்லை, எனக்கு அது தெரியாது, அன்றைக்கு வெட்கத்தில் பொய் சொன்னேன் என்று வகுப்பில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லி முடித்தேன். மெர்சி தன் போனைத் தேடி எடுத்து, நான் அன்று அனுப்பிய பதிலை எல்லோர் முன்னாலும் ஒரு தடவை போட்டாள். உங்க அண்ணனும் ஒண்ணுதான் என்று என் குரல் நக்கலாகச் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். அது எனக்கு வேண்டியதுதான்.

அருள், “என்னைச் சொன்னதுகூடப் பரவால்ல டீச்சர். அந்தப் பய கிறிஸ்துமஸ் கேக்கைக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல நின்னான். நான் வாங்கல,” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேவியர் மட்டும் வாசல்வரை வந்து, பதினேழாம் பாடத்தைத் திரும்பப் பேசுவீர்களா என்று கேட்டான். பேசுவேன், ஆனால் குழாய் பற்றி உங்கள் மச்சான் பேச வேண்டும் என்றேன். அவன் உள்ளே திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து அருள், “வெட்டாமப் போடுவானான்னு கேளு,” என்றார்.

இன்று காலையில் அருள் நம் வீட்டுக்கு வந்தார். பீரோவைத் திறந்து வைத்தேன். அவ்வளவு பெரிய ஆள் என் சேலைகளுக்கு நடுவில் தலையை நுழைத்ததைப் பார்த்து உன் அப்பா அடுக்களைக்குள் போய்ச் சிரித்தார். அருள் ஒரே மூச்சில் பேசினார். கீழே குழாயில் மூச்சு வாங்குகிறவன் மேலே வரும்போது ஆ என்று வாயைத் திறந்து விட்டுக்கொண்டே, மெதுவாக, தான் விடுகிற மூச்சுக் குமிழியை முந்தாமல் வர வேண்டும் என்று சொன்னார். அதற்கு முன்னால் என் பழைய பன்னிரண்டு விநாடியை அப்படியே வைத்திருக்கிறேன். அது முடிந்ததும், இப்போது கேட்டது தப்பு, சொன்னது நான், என் மகன் ஜோயல் இதில் எதையும் வெட்டவில்லை, பழைய பாடம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு அதை அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லுகிறேன். கோப்பை உனக்கு அனுப்பிவிட்டேன். உன் நிறுவனம் இதை இப்படியே எடுத்துக்கொள்ளும் என்றால் ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் நாற்பதும் நம் வீட்டிலேயே இருக்கட்டும். உன் புது வேலைக்கு இதனால் இடைஞ்சல் வந்தால், அதற்கும் என்மேல் கோபப்படு.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பதிவில் சேவியர் பெயரையும் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு எனக்குப் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்காது. தூரத்தில் கப்பல் சங்கு மட்டும் ஊதும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரும். அப்புறம்தான் நான் தொடர்கிறேன். உன் காதுக்கு அது முதலில் உறுத்தும், உன் கை தானாக அங்கே போகும். ஏலே, அந்த இடத்தை வெட்டாதே.

அம்மா